டீசல் பிக்கப்பில் இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டதா? சோதிப்பதும் மாற்றுவதும்

இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கிறது, கரும்புகை தள்ளுகிறது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது என்று சொன்ன உடனே வரும் பதில், "இன்ஜெக்டர் போச்சு, செட்டோட மாத்திடுங்க" என்பதுதான். சில நேரம் அது சரியாகவே இருக்கும். ஆனால் அடைத்துப்போன டீசல் ஃபில்டரும், காற்று இழுக்கும் ஒரு பழைய ஹோஸும் இதே கூத்தைக் காட்டும். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், டீசல் வண்டியில் விலை கூடிய பாகங்களில் ஒன்று. அதைக் கழற்றிப் போடுவதற்கு முன் குற்றவாளி அதுதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அதனால்தான் இங்கே ஸ்பேனரைக் கையில் எடுக்கும் வேலையைவிடச் சோதனைகளுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் காமன் ரெயில் இன்ஜினுக்கு. அண்மைக்கால டீசல் பிக்கப்புகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். பழைய மெக்கானிக்கல் பம்பு வண்டிகளுக்கு உரிய சில பழக்கங்கள் காமன் ரெயிலில் உயிருக்கே ஆபத்தானவை. அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

ஹை பிரஷர் பம்பு டீசலை அழுத்தி ரெயில் என்கிற கனமான குழாயில் தேக்கி வைக்கிறது. ஸ்லோவில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போதே அங்கே 250 முதல் 400 பார் வரை அழுத்தம் இருக்கும். முழு லோடில் 1600 பார், புதிய இன்ஜின்களில் 2000 பாருக்கு மேலும் போகும். அந்த அழுத்தம் எல்லா இன்ஜெக்டரின் வாயிலிலும் எப்போதும் காத்துக்கொண்டிருக்கிறது.

இன்ஜெக்டருக்குள் இருக்கும் மின்காந்தக் காயில், நாசிலை (டீசல் தெளிக்கும் முனை) மூடியிருக்கும் ஊசியை நேரடியாகத் தூக்குவதில்லை. அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தூக்கும் பலம் அதற்குக் கிடையாது. மேலே உள்ள ஒரு குட்டி வால்வை மட்டும் அது திறக்கிறது. ஊசியின் தலைப்பக்கம் இருந்த டீசல் அந்த வழியாக வெளியேறி, டேங்குக்குத் திரும்பும் ரிட்டன் லைனுக்குப் போகிறது. மேலே அழுத்தம் குறைய, கீழே இருக்கும் அழுத்தம் ஊசியை மேலே தள்ளுகிறது, நாசில் திறக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம். ஏனென்றால் தேய்மானமும் இந்த இரண்டு இடங்களில்தான் நடக்கிறது.

மேலே உள்ள வால்வு உட்காரும் இடம் அரித்துப்போனால், டீசல் சிலிண்டருக்குப் போகாமல் ரிட்டனில் ஒழுகிவிடும். செல்ஃப் அடிக்கும்போது ரெயிலில் அழுத்தம் ஏறாது. பல வண்டிகளில் 150 முதல் 250 பார் வரை ஏறினால்தான் ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இன்ஜெக்டரைத் திறக்கவே உத்தரவு கொடுக்கும். அதனால் செல்ஃப் நன்றாகச் சுற்றும், வண்டி மட்டும் பிடிக்காது. இன்ஜின் சூடாக இருக்கும்போது டீசல் நீர்த்துப்போவதால் ஒழுகல் கூடும். காலையில் ஒரே செல்ஃபில் பிடித்த வண்டி, ஓடி நிறுத்திய பிறகு பிடிக்க மறுத்தால் என் சந்தேகம் முதலில் இங்கேதான் போகும்.

கீழே நாசில் தேய்ந்தால் கதை வேறு. நாசில் துளை ஒவ்வொன்றும் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் அளவுதான். அது சிதைந்தாலோ, ஊசி சரியாக மூடாவிட்டாலோ, புகைபோலத் தெளிக்க வேண்டிய டீசல் சொட்டாக விழும். கரும்புகை, கடகடவென்று நாக்கிங், ஸ்லோவில் நடுக்கம், மைலேஜ் குறைவு எல்லாம் இதனால் வருபவை. எரியாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலுக்குள் இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்து டீசல் வாடையும் அடித்தால் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள வண்டியில், அந்தக் கரியை எரிக்கும் சூட் எரிப்பு அடிக்கடி பாதியில் நின்றாலும் ஆயில் இப்படி ஏறும். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒழுகும் நாசிலை அப்படியே விட்டு ஓட்டினால் பிஸ்டன் தலையே உருகிப் போவதும் உண்டு.

கை வைப்பதற்கு முன்

இன்ஜின் ஓடும்போது டீசல் லைனில் எங்கே ஒழுகுகிறது என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீற்றாக வெளிவரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே தசை அழுகத் தொடங்கிவிடும். அது அறுவை சிகிச்சை தேவைப்படும் அவசரக் காயம். அப்படி நடந்தால் கழுவிவிட்டுக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்த டீசல் உள்ளே பாய்ந்திருக்கிறது என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒழுகலைப் பார்க்க ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தால் போதும்.

மெக்கானிக்கல் பம்பு வண்டியில் ஒவ்வொரு பைப் நட்டாகத் தளர்த்தி எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பார்கள். காமன் ரெயிலில் அதை எக்காரணம் கொண்டும் செய்யக்கூடாது. இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் கப்ளரை (ஒயர் செருகும் இணைப்பு) பிடுங்கிப் பார்ப்பதும் வேண்டாம். காயில் வகையிலேயே 65 வோல்ட்டுக்கு மேல் பாயும், பியேசோ வகையில் (காயிலுக்குப் பதில் மின்னழுத்தத்தில் நீளும் படிகம் உள்ளது) 100 வோல்ட்டைத் தாண்டும். பியேசோ இன்ஜெக்டர் திறந்திருக்கும் நொடியில் கப்ளரை இழுத்துவிட்டால் அது திறந்தபடியே நின்றுவிடும், சிலிண்டருக்குள் டீசல் நிரம்பும்.

இன்ஜெக்டர்மேல் பழி போடுவதற்கு முன்

டீசல் ஃபில்டர் எப்போது மாற்றியது என்று தெரியவில்லையென்றால் முதலில் அதை மாற்றுங்கள். பழைய ஃபில்டரில் இருக்கும் டீசலை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றிச் சிறிது நேரம் வையுங்கள். அடியில் தண்ணீர் தங்குகிறதா, வெயிலில் பிடித்துப் பார்த்தால் வெள்ளித்தூள் மினுக்குகிறதா என்று கவனியுங்கள். தண்ணீர் இருந்தால் டேங்க் கழுவ வேண்டும். உலோகத்தூள் மினுக்கினால் விஷயம் பெரிது: ஹை பிரஷர் பம்பு உள்ளே அரைபட்டுக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் புது இன்ஜெக்டர் போட்டால் அவையும் சீக்கிரமே போய்விடும். பம்பு, ரெயில், பைப்புகள், டேங்க் வரை எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் இன்ஜெக்டர் பேச்சு.

அப்புறம் காற்று. ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே ஒரு துண்டு தெளிந்த பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி ஓடவிட்டால் குமிழி வருகிறதா என்று தெரிந்துவிடும். குளிரில் மட்டும் வெண்புகையும் நடுக்கமும் இருந்து, சூடானதும் சரியாகிவிட்டால் ஹீட்டர் பிளக்கைச் சோதியுங்கள். கரும்புகையோடு இழுவையும் இல்லையென்றால் டர்போவிலிருந்து வரும் ஹோஸ் கிழிந்திருக்கலாம், புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு கார்பன் பிடித்துத் திறந்தபடி நிற்கலாம். இவை எல்லாம் குறைந்த செலவில் முடிகிற வேலைகள்.

சோதனைகள்

ஸ்கேனர் இல்லாமல் இந்த வேலையில் இறங்குவதை நான் ஏற்கமாட்டேன். வெறும் பிழைக் கோடு (code) படிக்கும் மலிவான கருவி போதாது. ரெயில் அழுத்தத்தையும், சிலிண்டர் வாரியான அளவுத் திருத்தத்தையும் காட்டி, இன்ஜெக்டர் கோடு (ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் உள்ள தனிக் குறியீடு) எழுதும் வசதியும் உள்ளது வேண்டும். வாங்க முடியாவிட்டால் இரவல் வாங்குங்கள்.

முதலில் பிழைக் கோடுகள். பி0201 முதல் பி0204 வரை வந்தால் அந்தந்த சிலிண்டர் இன்ஜெக்டரின் மின்சுற்றில் கோளாறு. இன்ஜெக்டரைவிட ஒயரிங்கும் கப்ளரும் காரணமாக இருக்கும் வாய்ப்பு இதில் அதிகம். பி0263, பி0266, பி0269, பி0272 ஆகியவை முறையே 1, 2, 3, 4ஆம் சிலிண்டர் தன் பங்கு வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று சொல்பவை. பி0087 என்றால் ரெயிலில் அழுத்தம் போதவில்லை. இது ஃபில்டர், பம்பு, பிரஷர் வால்வு, ரிட்டனில் ஒழுகும் இன்ஜெக்டர் என நான்கில் எதுவாகவும் இருக்கலாம்.

அடுத்து இன்ஜினைச் சூடாக்கி ஸ்லோவில் ஓடவிட்டு, சிலிண்டர் வாரியான திருத்த அளவைப் பாருங்கள். எல்லா சிலிண்டரும் ஒரே சீராகத் தள்ள வேண்டும் என்பதற்காக ஈசிஎம் ஒன்றுக்குக் கொஞ்சம் கூட்டியும் இன்னொன்றுக்குக் குறைத்தும் டீசல் கொடுக்கும். நல்ல இன்ஜினில் எல்லாம் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். ஒரு சிலிண்டர் மட்டும் ஒரு ஸ்ட்ரோக்குக்கு 3 அல்லது 4 கன மில்லிமீட்டருக்கு மேல் விலகி நின்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். சரியான எல்லை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பொதுவாக, கூட்டல் பக்கம் அதிகம் போனால் அந்த சிலிண்டர் பலவீனம், கழித்தல் பக்கம் போனால் அங்கே டீசல் அதிகம் கொட்டுகிறது. கூட்டல் பக்கம் போனதற்கு கம்ப்ரெஷன் குறைவும் காரணமாக இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

ஸ்கேனரில் சிலிண்டர் கட்-ஆஃப் வசதி இருந்தால் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். நல்ல சிலிண்டரை நிறுத்தினால் இன்ஜின் குலுங்கும். நிறுத்தியும் எந்த மாற்றமும் இல்லையென்றால் அது ஏற்கெனவே சும்மாதான் இருந்திருக்கிறது. நிறுத்தியதும் நாக்கிங் சத்தமும் புகையும் அடங்கினால் ஒழுகும் நாசில் அங்கேதான்.

இதற்குப் பிறகு ரிட்டன் டெஸ்ட். கையிருப்பில் உள்ளதைக்கொண்டே செய்யக்கூடிய, நம்பகமான சோதனை இது. இன்ஜெக்டர்களின் தலையில் இருக்கும் ரிட்டன் குழாய்களைக் கழற்றி, ஒரே நீளமுள்ள குழாய்கள் வழியே ஒவ்வொன்றையும் அளவு குறித்த ஒரே மாதிரியான பாட்டிலுக்கு விடுங்கள். இன்ஜெக்டர்களிலிருந்து கழற்றிய ரிட்டன் குழாய்களின் திறந்த வாயை மட்டும் அடைத்துவிடுங்கள். இன்ஜினை 2 அல்லது 3 நிமிடம் ஸ்லோவில் ஓடவிட்டு நிறுத்தி, மட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மூன்று பாட்டில் விரல் தடிமனுக்கு நிறைந்து நாலாவது மட்டும் பாதிக்கு மேல் போயிருந்தால் விளக்கமே வேண்டாம். எல்லாமே சமமாக, ஆனால் மேனுவல் சொல்லும் அளவைவிடக் கூடுதலாக நிறைந்திருந்தால் செட் முழுவதுமே தேய்ந்திருக்கிறது. ஸ்டார்ட்டே ஆகாத வண்டியென்றால் 5 முதல் 10 விநாடி செல்ஃப் அடித்துப் பாருங்கள். அப்போதும் ஒரு பாட்டிலில் டீசல் வேகமாக ஏறினால் அதுதான். பியேசோ இன்ஜெக்டர்களில் ரிட்டன் லைனிலும் குறிப்பிட்ட அழுத்தம் இருந்தால்தான் வேலை செய்யும் வகைகள் உண்டு. அவற்றை இப்படித் திறந்துவிட்டுச் சோதிக்கக்கூடாது, அதற்கென்று உள்ள கிட் வேண்டும்.

மல்டிமீட்டரில் காயில் வகை பெரும்பாலும் 0.3 முதல் 0.6 ஓம் காட்டும். பியேசோ 150 முதல் 200 கிலோ ஓம் அளவில் இருக்கும். அளவு சரியாக இருந்தால் மின்பகுதி நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். நாசிலைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

இவ்வளவுக்கும் பிறகு சந்தேகம் தீரவில்லையென்றால், சந்தேகப்படும் இன்ஜெக்டரை வேறு சிலிண்டருக்கு இடம் மாற்றிப் பாருங்கள், கோடுகளையும் ஸ்கேனரில் மாற்றி எழுதி. கோளாறு கூடவே நகர்ந்தால் இன்ஜெக்டர்தான். பழைய சிலிண்டரிலேயே நின்றால் கம்ப்ரெஷன், வால்வு, ஒயரிங் பக்கம் பாருங்கள். வேலை அதிகம்தான், ஆனால் இதைவிட உறுதியான தீர்ப்பு வேறு கிடையாது.

ஒன்றா, செட்டா

வண்டி அதிகம் ஓடாமல் ஒன்று மட்டும் போய், மற்றவை ரிட்டனிலும் திருத்த அளவிலும் நன்றாக இருந்தால் அந்த ஒன்றை மாற்றினால் போதும். நிறைய ஓடிய வண்டியில், மற்றவையும் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தால் செட்டாக மாற்றுவதே புத்திசாலித்தனம். இன்ஜெக்டர் டேப்பெட் கவருக்கு (இன்ஜினின் மேல்மூடி) அடியில் இருக்கும் இன்ஜின்களுக்கு இது இன்னும் பொருந்தும். அதே வேலையை ஆறு மாதத்தில் மறுபடி செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. சீரமைத்த இன்ஜெக்டர் வாங்கினால் டெஸ்ட் பெஞ்ச் ரிப்போர்ட் கேளுங்கள். முழு லோடு, நடு லோடு, ஸ்லோ, முன் தெளிப்பு (முக்கியத் தெளிப்புக்குச் சற்று முன் விடும் சிறு அளவு) ஆகிய நிலைகளில் எவ்வளவு தெளித்தது என்ற அளவும், புதிதாகக் கணக்கிட்ட கோடும் அதில் இருக்க வேண்டும். கழுவி, பெயின்ட் அடித்து, பழைய கோடோடு வருவதை வாங்காதீர்கள்.

கழற்றுதல்

இன்ஜினின் மேல்பகுதியை முதலில் கழுவி, காற்றடித்துக் காயவிடுங்கள். இன்ஜெக்டருக்குள் பாகங்களின் இடைவெளி ஒருசில மைக்ரான்தான். கண்ணுக்குத் தெரியாத மண் துகள் ஒன்றே புது இன்ஜெக்டரைக் கெடுக்கப் போதும். வேலை முடியும்வரை சுத்தமான கையுறை, பஞ்சு உதிராத துணி, திறந்த வாய்களுக்கெல்லாம் மூடி. மூடி இல்லையென்றால் பைப்பைக் கழற்ற வேண்டாம்.

இன்ஜினை நிறுத்திக் குறைந்தது அரைமணி நேரம் விட்டு, ஸ்கேனரில் ரெயில் அழுத்தம் இறங்கியதைப் பார்த்த பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கப்ளர்களுக்கும் பைப்புகளுக்கும் எண் எழுதி ஒட்டி, ஒரு போட்டோவும் எடுத்துவிடுங்கள். ரிட்டன் குழாயின் கிளிப்புகள் வயதானவை, இழுத்தால் உடையும். அளவான மாற்றுக் கிளிப் கையில் இருக்கட்டும். ஹை பிரஷர் பைப் நட்டைத் தளர்த்தும்போது இன்ஜெக்டர் பக்கம் உள்ள அறுகோணத்தை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது சேர்ந்து திரும்பிவிடும். எல்லா இன்ஜினிலும் பைப் நேராக இன்ஜெக்டரின் தலைக்கு வருவதில்லை. சில கம்மின்ஸ் இன்ஜின்களில் ஹெட்டின் பக்கவாட்டிலிருந்து நுழையும் ஒரு கனெக்டர் குழாய்தான் இன்ஜெக்டருக்கு டீசல் கொண்டுபோகும். அங்கே அதை வெளியே எடுக்காமல் இன்ஜெக்டரை இழுத்தால் இரண்டும் கெடும்.

கிளாம்ப் போல்ட்டைக் கழற்றிய பிறகுதான் உண்மையான சோதனை. சில இன்ஜெக்டர் கையோடு வரும். சில, கார்பன் இறுகி, பல்லில் சிமென்ட் அடைத்ததுபோல ஹெட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சுற்றிலும் கறுப்புத் தார் மாதிரி படிந்திருந்தால் காப்பர் வாஷர் வழியாகப் பல நாளாக சிலிண்டரில் எரிந்த வாயு கசிந்திருக்கிறது என்று பொருள்; ஓடும்போது வரும் 'சஃப் சஃப்' சத்தமும் அதன் அடையாளம். அப்படி இருந்தால் துரு இளக்கும் ஸ்ப்ரேயை ஊற்றி ஓர் இரவு ஊறவிடுங்கள். இளஞ்சூட்டில் கழற்றுவது சுலபம். இடம் வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, பிறகு ஸ்லைடு ஹேமரால் நேர்மேலே இழுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பினால் ஹெட்டும் இன்ஜெக்டர் உடம்பும் கெடும். எதற்கும் அசையாவிட்டால் அங்கேயே நிறுத்தி, ஹைட்ராலிக் புல்லர் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். இன்ஜெக்டர் உள்ளேயே முறிந்தால் செலவு ஹெட்டைக் கழற்றும்வரை போகும்.

இன்ஜெக்டர் வெளியே வந்ததும் காப்பர் வாஷர் கூடவே வந்ததா என்று பாருங்கள். பாதி நேரம் அது குழிக்குள்ளேயே தங்கிவிடும். அது தெரியாமல் மேலே புது வாஷரைப் போட்டால் நாசில் உயர்ந்து நின்று, தெளிப்பு தவறான இடத்தில் விழும், கசிவும் வரும். டார்ச் அடித்துப் பார்த்து, கொக்கிக் கம்பியால் எடுங்கள்.

பொருத்துதல்

குழியைச் சுத்தம் செய்வதுதான் இந்த வேலையின் முக்கியமான அரைமணி நேரம். வாஷர் உட்காரும் தளத்தில் கார்பன் ஒரு பொட்டு இருந்தாலும் புது வாஷர் கசியும். கீழே உள்ள துளையை அடைத்துக்கொண்டு, பக்கச் சுவரை பிரஷ்ஷால் தேயுங்கள். தளத்தைச் சீராக்க அதற்கான ரீமரில் (சுற்றிச் செதுக்கும் கருவி) கிரீஸ் தடவிச் சுற்றுங்கள், தூள் கிரீஸோடு ஒட்டி வந்துவிடும். வேக்குவம் வைத்து மீதியை உறிஞ்சி, அடைப்பை எடுத்து, மறுபடி டார்ச் அடித்துப் பாருங்கள். தளம் பளிச்சென்று ஒரே வட்டமாகத் தெரிய வேண்டும்.

புது இன்ஜெக்டரை உள்ளே இறக்குவதற்கு முன் அதன் தலையில் உள்ள கோடு எண்ணை எந்த சிலிண்டருக்கு என்பதோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொருத்திய பிறகு பல வண்டிகளில் அதைப் படிக்க முடியாது. பாஷ் வகையில் 6 அல்லது 7 எழுத்துகளும், டெல்ஃபையில் 16 அல்லது 20 எழுத்துகளும், டென்சோவில் அதைவிட நீளமாகவும் இருக்கும். தொழிற்சாலையில் அந்த ஓர் இன்ஜெக்டரை அளந்து கண்ட சிறு வித்தியாசத்தைச் சொல்லும் எண் அது.

காப்பர் வாஷர் புதிதாகவும், பழையதன் அதே தடிமனிலும் இருக்க வேண்டும். கிளாம்ப் போல்ட் பல இன்ஜின்களில் ஒருமுறை மட்டும் பயன்படுத்துவது. அதையும் ரிட்டன் ஓ-ரிங்குகளையும் புதிதாகவே போடுங்கள். ஹை பிரஷர் பைப்பையும் புதிதாகப் போடச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. அப்படி மேனுவல் சொன்னால் கேளுங்கள். இன்ஜெக்டர் உடம்பில் செராமிக் கிரீஸ் மெல்லியதாகத் தடவலாம், நாசில் முனையிலும் வாஷர் தளத்திலும் கூடாது.

இறுக்கும் வரிசை முக்கியம். இன்ஜெக்டரை இறக்கி, கிளாம்ப்பைத் தளர்வாக வைத்து, பைப்பைக் கையால் இரண்டு பக்கமும் திருகுங்கள். பைப் நேராக உட்கார்ந்த பிறகு கிளாம்ப்பை டார்க் ரெஞ்ச்சால் மேனுவல் சொல்லும் அளவுக்கு, கோணமும் கொடுத்திருந்தால் அதையும் சேர்த்து, இறுக்குங்கள். கடைசியில்தான் பைப் நட்டு. முதலிலேயே கிளாம்ப்பை இறுக்கிவிட்டால் பைப் கோணலாக இழுபட்டு, சீக்கிரமே விரிசல் விடும். "கை அளவு தெரியும்" என்று டார்க் ரெஞ்ச்சை ஒதுக்குபவர்களின் வேலை இந்த இடத்தில்தான் கசியத் தொடங்கும்.

முதல் ஸ்டார்ட்

புது டீசல் ஃபில்டர் போட்டு, ஹேண்ட் பம்பு இருந்தால் அது கெட்டிப்படும்வரை அழுத்துங்கள். டேங்கில் மின்பம்பு இருந்தால் சாவியை ஆன் செய்து சில விநாடி வைத்து ஆஃப் செய்வதைப் பலமுறை செய்யுங்கள். இங்கேயும் பைப் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும் பழைய வழக்கம் வேண்டாம். கோடுகளை ஸ்கேனரில் எழுதி, பிறகு செல்ஃப் அடியுங்கள்: ஒருமுறைக்கு 10 முதல் 15 விநாடிக்கு மேல் வேண்டாம், இடையே ஸ்டார்ட்டர் ஆற ஒரு நிமிடம் விடுங்கள். பிடித்ததும் முதலில் கொஞ்சம் தள்ளாடும், காற்று வெளியேறியதும் அடங்கும்.

அட்டையால் எல்லா மூட்டுகளையும் சோதித்து, இன்ஜின் சூடான பிறகு திருத்த அளவுகளை மறுபடி பாருங்கள். பழையவற்றோடு ஒப்பிடவே முன்பு குறித்து வைக்கச் சொன்னது. சில வண்டிகளில் முன் தெளிப்பு அளவைக் கற்றுக்கொள்ளும் ஒரு நடைமுறையையும் ஸ்கேனரில் ஓட்ட வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் நாக்கிங் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

ஆயிலில் டீசல் கலந்திருந்தால் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் அன்றே மாற்றுங்கள். காப்பர் வாஷர் கசிந்த வண்டியாக இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. இன்ஜெக்டர் டேப்பெட் கவருக்குள் உட்காரும் இன்ஜின்களில் அந்தக் கசிவு ஆயிலுக்குள் போய்க் கரியாகத் திரண்டு, சம்ப்பில் (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். சம்ப்பைக் கழற்றி அந்த வலையைப் பார்த்துவிடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மூட்டுகளையும் டிப் ஸ்டிக்கையும் இன்னொரு முறை பாருங்கள்.